முழங்காலுக்கு வைத்த கரண்ட்

என் கணவருக்குப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. கட்சி, சினிமா, எதிர்வீட்டு மருமகள் வைத்த குழம்பு என்று எதை எடுத்தாலும் பேசிக்கொண்டே இருப்பார். உடம்புக்கு என்ன என்று கேட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழும். கல்யாணமான புதிதில் காய்ச்சலில் படுத்திருந்தவரிடம், "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

காரணத்தை மாமியார் சொன்னார். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பங்களில் எங்கள் வீடும் ஒன்று. பகலில் என் கணவர் பட்டுச் சேலைக் கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். உற்சவ நாளில் அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாகனத்தின் தண்டுக்கு அடியில் போய் நிற்பார். தண்டு என்பது வாகனத்துக்கு அடியில் முன்னும் பின்னுமாக நீட்டிக் கட்டிய பெரிய மரம். அது தோளில் ஏறிவிட்டால் 'வலி' என்ற சொல்லும் 'கனம்' என்ற சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது. பெருமாளைப் போய்க் கனம் என்று சொல்வதா? தாங்க முடியவில்லை என்றால் உள்ளங்கையால் தண்டை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கூடவே நடந்து வருகிற மாற்று ஆள் தோளைக் கொடுப்பார், தட்டியவர் நழுவி வெளியே வந்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சின்ன வயதிலேயே தண்டுக்குப் போன மனிதருக்கு அந்த இரண்டு சொல்லும் வீட்டிலும் மறந்துபோயிருந்தன. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நான் எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறேன். "நான் இன்னா பால் குடிக்கற புள்ளையா டீச்சரம்மா?" என்று சிரிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய இடது முழங்கால் தேய ஆரம்பித்தது. அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை, காலண்டரால்தான் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சுவரில் கையை ஊன்றுவார். நான் பார்த்துவிட்டால் காலண்டரைத் தடவிப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். சில நாள் பொறுத்துப் பார்த்தேன்.

"இன்னாங்க, தெனமும் சோறு துன்னதும் காலண்டர்ல தேதி பாக்கறீங்க? பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். ஆனால் கை சுவரை விடவில்லை. அன்றைக்கே அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார். தேய்ந்தது தேய்ந்ததுதான், மறுபடி வளராது என்றார். அவர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அடுத்த முறை போனபோது, "கரண்ட் வெச்சுப் பாருங்க. கொஞ்ச நாளைக்கு வலி அடங்கும், நடக்க சுலபமா இருக்கும்" என்று சொல்லி ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு வழி சொன்னார்.

கிளினிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. முழங்கால் வைத்தியத்துக்கு மாடி ஏறவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் யோசித்தானோ தெரியவில்லை. படிக்குப் படி நின்றுதான் அவர் ஏறினார். நான் அந்தக் கட்டடத்தைக் கட்டினவனை ஏழு தலைமுறைக்கும் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினேன்.

மேலே இருந்தது ஒரு சின்னப் பெண். படித்து முடித்து அதிக காலம் ஆகியிருக்காது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், சாயங்காலம் நாங்கள் போகிற நேரத்தில் மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். "ரெண்டு நிமிஷம் ஆன்ட்டி, சூரியன் ஓடறதுக்குள்ள" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மிஷின் என்று அவள் காட்டியது ரேடியோப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் திருகுகள், அதிலிருந்து நாலு ஒயர், ஒவ்வொரு ஒயரின் முனையிலும் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. முழங்காலைச் சுற்றிப் பட்டைகளை வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, திருகை மெல்லத் திருப்பினாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் அங்கிள். நான் ஏத்திக்கினே போவேன். நல்லாத் தெரியணும், ஆனா வலிக்கக் கூடாது. அந்த எடத்துல சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"சரிம்மா."

"தெரியுதா?"

"ம்."

"ஏத்தட்டா?"

"உன் இஷ்டம்மா."

வேறு யாராவது இருந்தால், போதும் என்று எப்போதோ சொல்லியிருப்பார்கள். இவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நானும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவள் கேட்டாள், "வலி பத்துக்கு எவ்ளோ அங்கிள்? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது."

"பெருமாள் புண்ணியத்துல பரவால்லமா."

"அது நம்பர் இல்லையே அங்கிள்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். இப்படியே சில நாள் போயிற்று. ஒரு நாள் சட்டையைக் கழற்றிப்போட்டுப் படுத்தவரின் வலது தோளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் தடித்துக் காய்த்துப்போன இடம் அது.

"இது இன்னா கட்டி அங்கிள்? டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"கட்டி இல்லம்மா அது. பெருமாள் உக்கார்ற எடம்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அவர் சுமப்பதை நான் மனதாரப் பெருமையாக நினைத்த நாட்கள் குறைவு. அது அதில் ஒன்று.

அதற்கு அடுத்த நாள் பட்டையை எடுத்தபோது கீழே தோல் சிவந்து, ஓரத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. பட்டையைத் தொட்டுப் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள், மிஷினில் கோளாறு இல்லை. "இவ்ளோ ஏறியிருக்குது, ஏன் அங்கிள் சொல்லல? சுட்டிருக்குமே! வலிச்சிருக்குமே!" என்று கேட்கும்போது அவள் கண் கலங்கிவிட்டது. அவர் ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. நீங்க உங்களையே கெடுத்துக்கினு, பாவம், அந்தப் பொண்ணையும் அழ வைக்கறீங்க" என்று அவள் எதிரிலேயே கத்தினேன். பிறகு அவளிடம் தண்டைப் பற்றியும், சொல்லக்கூடாத சொல்லைப் பற்றியும், தட்டுவதைப் பற்றியும் சொன்னேன். கேலி செய்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேலி செய்யவில்லை. புண் ஆறியபின் நாங்கள் போனபோது, அவருடைய வலது கையை எடுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தாள்.

"இதான் தண்டு அங்கிள். வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். போதும்னா தட்டுங்க. ஆளை மாத்தற மாதிரி நான் நிறுத்திடறேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சரம்மா, உன்னவிட கெட்டிக்காரியா இருக்குது இந்தப் பொண்ணு" என்றார். அவள் திருகைத் திருப்பினாள். அந்த நேரத்தில்தான் நான் அவருடைய கால்விரல்களைக் கவனித்தேன். முகம் கல்லு மாதிரி இருக்கும்போதே இடது கால்விரல்கள் ஐந்தும் உள்ளுக்கு மடங்கிச் சுருண்டன. அடுத்த நொடி சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அன்றிலிருந்து நான் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விரல் மடங்குவதும் கை தட்டுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சரியான அளவில் கரண்ட் போனபிறகு பலன் தெரிந்தது. துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்துகிற பயிற்சியையும் அவள் சொல்லிக்கொடுத்தாள், வீட்டில் நான் பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். மாடிப்படியை நிற்காமல் ஏறினார். காலண்டரை விட்டுவிட்டார். கிடங்கில் ஏணி ஏறிச் சேலைக்கட்டை இறக்கினார் என்று அவரோடு வேலை செய்பவர் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது.

வைகாசி வந்தது. கருட சேவைக்கு அவருக்கு முன் தண்டில் இடம். அவருடைய அப்பா நின்ற இடம். எங்கள் குடும்பங்களுக்குள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கருட சேவையில் முன் தண்டில் நிற்கிறவர் பாதி வழியில் இறங்கினால், அந்த இடம் அதன்பிறகு மாற்று ஆளுக்குப் போய்விடும். மற்ற உற்சவத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம், இதில் தட்டினால் அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்பாவிடமிருந்து வந்த வீட்டை அவர் பெரிதாக நினைத்ததில்லை, தோளுக்கு வந்த அந்த இடத்தைத்தான் சொத்து என்று நினைத்தார்.

அந்தப் பெண்ணிடம் நானே கேட்டேன். "சுமக்கக் கூடாது ஆன்ட்டி. கரண்ட்டு வலியத்தான் கொறைக்கும், தேஞ்சத வளக்காது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வலி தெரியலன்னு வெயிட் ஏத்துனா முட்டி மடங்கிடும்" என்று அவர் எதிரிலேயே சொன்னாள். அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"அதான் இப்ப ஒண்ணுமே இல்லையே டீச்சரம்மா."

"வலி இல்லாம இல்ல. அந்த மிஷினு மறைச்சு வெச்சிருக்குது."

"மறைச்சா போதும். ஒரு நாளு மறைச்சா போதும் எனக்கு."

உற்சவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளினிக்குக்குப் போனார். சேவிக்கப் போகிறேன், கூட்டத்தில் நிற்கவேண்டும், கொஞ்சம் நன்றாக வைத்துவிடு என்று அவளிடம் கேட்டாராம். அவளும் நம்பிவிட்டாள். அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விடிவதற்கு முன்பே போய்விட்டார். கோபுர வாசலில் பெருமாள் வெளியே வந்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். முன் தண்டில் அவர். பக்கத்தில் சேர்ந்து சுமக்கிற ஜோடி ஆளும் அவரும் ஒரே உயரம், ஒரே அடி. பெரிய காஞ்சிபுரம் பக்கம் போகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து சமைத்தேன். பயந்தது வீண் என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் சுமக்கிறவர்களுடைய கால் வேகாமல் இருக்க, எங்கள் தெருப் பெண்கள் வீட்டு வாசலில் குடத்துத் தண்ணீரோடு நின்று, வாகனம் வரும்போது ரோட்டில் ஊற்றுவோம். நானும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் மேலே கருடனையும் பெருமாளையும் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றுகிறவள் மேலே பார்க்க முடியாது. நான் குனிந்து கால்களைத்தான் பார்த்தேன்.

எத்தனையோ கால்கள் வந்தன. அவற்றில் அவருடைய இடது கால் எனக்குத் தெரியாதா? விரல்கள் ஐந்தும் உள்ளுக்குச் சுருண்டிருந்தன. அப்படிச் சுருண்ட விரலோடுதான் அடி எடுத்து வைத்தார். நான் நிமிர்ந்து கையைப் பார்த்தேன். வலது கை தண்டின் மேல் அசையாமல் கிடந்தது. தட்டவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தார். முழங்கால் வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. முகம் மட்டும் கிளினிக்கில் கூரையைப் பார்க்கிற அதே முகம். அவர் தட்டப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விழுந்தாலும் விழுவாரே தவிரத் தட்டமாட்டார். விழுந்தால் அவர் மட்டும் விழப்போவதில்லை.

முன்னால் நடந்து வந்தவர் அவருடைய பெரியப்பா மகன், ஆட்களுக்கெல்லாம் மூத்தவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். "மாமா! மாத்துங்க! இவரை மாத்துங்க!" என்று கத்தினேன். குடம் கையிலிருந்து நழுவி ரோட்டில் உருண்டது. மேளச் சத்தத்திலும் மாமாவுக்குக் கேட்டது. என்னைப் பார்க்கவில்லை, நேராக அவருடைய காலைப் பார்த்தார். ஒரு கையைக் காட்டினார். மாற்று ஆள் உள்ளே தோளைக் கொடுத்தார், என் கணவர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். கருடன் ஒரு இம்மியும் ஆடவில்லை. தெருவில் யாருக்கும் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை.

நான் செய்தது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் அப்படித்தான் கத்துவேன். ஆனால் பெருமாள் தாண்டிப் போகிறபோது அவர் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டாம். எல்லோரும் பெருமாள் முகத்தைச் சேவிக்க, அவர் தன் இடத்தில் இருந்த தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் முழங்கால் பானை மாதிரி வீங்கியது. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்பா. பெருமாள் ஆடாம வந்து சேந்தாரு, அது போதும்" என்றார். மாற்று ஆள் பிரசாதம் கொண்டுவந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டார். இவர் அவருடைய தோளில் கையை வைத்து, "ஜோடி ஆளு எடது காலத்தான் மொதல்ல எடுப்பாரு, பாத்துக்க" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். என்னிடம் கோபமே காட்டவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குமுன் எவ்வளவு சொல்லியும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

வீக்கம் வடிந்தபிறகு மறுபடி கிளினிக்குக்குப் போனோம். பழையபடி படிக்குப் படி நின்று ஏறினார். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. திட்டவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்து, பட்டைகளை வைத்து, பெல்ட்டைக் கட்டினாள். வழக்கப்படி அவருடைய வலது கையை எடுத்துக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தாள். திருகைத் திருப்ப ஆரம்பித்தாள்.

நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மடங்கியது. தட்டுவார் என்று கையைப் பார்த்தேன். அவர் அந்தக் கையைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதும்மா" என்றார்.

அவள் கை திருகிலேயே நின்றுவிட்டது. "இன்னா அங்கிள்?"

"வலிக்குது. கொஞ்சம் கனமாவும் இருக்குது."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா ஆன்ட்டி! அங்கிள் வாயத் தொறந்து சொல்லிட்டாரு! இப்படித்தான் சொல்லணும் அங்கிள், இனிமே இப்படியே சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே திருகைக் குறைத்தாள். "சரிம்மா, சொல்றேன்" என்றார் அவர்.

இனி தோளில் தண்டு இல்லாதவர்தான் அந்த இரண்டு சொல்லையும் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.